எர்லாங் மொழியில் நிரலேற்றமும் பெயர்ப்புக்கால நிகழ்வுகளும்

வினைச்சொல் காலம் காட்டும் என்பதும், காலம் இறப்பு, நிகழ்வு, எதிர்வு என மூவகைப்படும் என்பதும் தமிழ் பயில்வோர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளும் செய்திகள். கணிப்பொறிக்கென எழுதப்பெறும் நிரல்களுக்கும் காலம் மூன்று உண்டு. ஆயின் அவை வேறு வகையின. மனிதர் எழுதிய மூலம் பொறிக்குரிய வடிவமாகப் பெயர்க்கப்படும் காலம் ஒன்று. பெயர்த்தமைந்த நிரல் பொறியின் நினைவகத்துள் ஏற்றப்படும் காலம் ஒன்று. ஏற்றப்பெற்ற நிரல் இயங்கித் தொழில் செய்யும் காலம் ஒன்று. இவற்றை முறையே பெயர்ப்புக்காலம், ஏற்றக்காலம், இயக்கக்காலம் என்போம். நிரலில் உள்ள ஒரு செய்தி இம்மூன்றனுள் எக்காலத்தில் உறுதி பெறுகிறது? இவ்வினாவை எர்லாங் என்னும் நிரல்மொழியை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் ஆய்விதழில் இப்பொருளுக்கு இடம் என்னை எனின், கூறுதும். சொல்லடைவு தொகுத்தல், எழுத்துகளின் வருகையை எண்ணுதல், சந்தி பிரித்தல், பாடபேதங்களை ஒப்பிடுதல் ஆகிய பணிகளை இன்றைய ஆய்வு மாணவர் பலர் கணிப்பொறியின் துணைகொண்டே செய்கின்றனர். ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளிலிருந்து எம் வகுப்பிற்கு வரும் முதுகலை மாணவருள்ளும் இவ்வாறு செய்வோர் உளர். கருவி தந்த எண்ணிக்கையை அவர்கள் நூலின் இயல்பாகவே கொண்டுவிடுகின்றனர். அவ்வெண்ணிக்கை எந்த அட்டவணையைக் கொண்டு எண்ணப்பட்டது, அவ்வட்டவணை எப்பொழுது நிரலுக்குள் பதிந்தது என்று வினவுவோர் அரியர். அவ்வினா எழாதவிடத்து, கருவியின் பிழை நூலின் மேல் ஏற்றப்படும். பதிப்பாசிரியர் கண்ட ஏட்டின் காலத்தையும் வழியையும் ஆராயாமல் பாடத்தை மட்டும் எடுத்தாளுவதை நாம் ஏற்பதில்லை. கருவிக்கும் அந்நெறியே பொருந்தும்.

சொல் பற்றிய சிறு ஆராய்ச்சி

மேலே செல்லுமுன் கலைச்சொல் ஒன்றைப் பற்றிச் சில கூறல் வேண்டும். மனிதர் எழுதிய நிரலைப் பொறிக்குரியதாக மாற்றும் கருவிக்குத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் 'நிரல்பெயர்ப்பி' என்னும் சொல் வழங்குகிறது. பிறர் 'தொகுப்பி' எனவும் 'தொகுப்பான்' எனவும் எழுதுவர். பின்னைய இரண்டும் ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருளை அப்படியே தமிழில் வைத்தவை. தமிழில் தொகுத்தல் என்பதற்கு நெடிய மரபு உண்டு. எட்டுத்தொகையைத் தொகுத்தோர் பாடல்களை ஒருங்கு சேர்த்தனர். அவற்றை வேறு மொழிக்கு மாற்றினாரல்லர். தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகைகளைக் கூறுமிடத்துத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்கினைப் பிரித்துக் காட்டுகிறது. மனிதர் மூலத்தைப் பொறிமொழிக்கு மாற்றும் தொழில் இந்நான்கனுள் இறுதியதன்பாற் படும். ஆகலின் 'பெயர்ப்பு' என்ற சொல்லையே ஈண்டு ஆள்கின்றோம். விரித்தல் என்னும் சொல்லும் பின்னர்ப் பயன்படும்; அதற்கு அப்பொழுது இடம் வரும்.

சார்பு என்னும் சொல் கணிதத்தில் வழங்கும் பொருளிலேயே இங்கு வரும். சார்பெழுத்து முதலியவற்றோடு இயைபுடையதன்று. ஒரு மதிப்பைப் பெற்று, வேறொரு மதிப்பைத் தருவது சார்பு. நிரல் முழுவதையும் சார்புகளின் கோவையாக அமைக்கும் மொழியைச் சார்புவழி நிரல்மொழி என்பர். இவ்வகை மொழிகளில், ஒரு பெயருக்கு ஒருமுறை தந்த மதிப்பு பின்னர் மாறுவதில்லை. மாற்றம் வேண்டின், புதிய மதிப்பு ஆக்கப்பட்டு அடுத்த சார்புக்குக் கையளிக்கப்படும். இவ்வியல்பை நினைவிற் கொள்க. எர்லாங்கின் நிரலேற்றம் எளிதாவதற்கு இதுவே காரணம்.

எர்லாங் தோன்றிய வரலாறு

சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தின் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தில் 1986-ஆம் ஆண்டளவில் ஜோ ஆம்ஸ்ட்ராங் இம்மொழியைத் தொடங்கினார். ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோர் உடன் உழைத்தனர். தொலைபேசிப் போக்குவரத்தைக் கணிதமுறையால் ஆராய்ந்த டென்மார்க்கு நாட்டு அறிஞர் அக்னர் எர்லாங்கின் பெயர் மொழிக்கு இடப்பட்டது. தொலைபேசி இணைப்பகத்தை ஆளும் நிரல்களை எழுதுதற்கென்றே இது பிறந்தது என்பதை மறத்தலாகாது. ஓர் இணைப்பகத்தில் எந்நொடியிலும் ஆயிரக்கணக்கான உரையாடல்கள் நிகழ்ந்துகொண்டிருக்கும். நிரலில் ஒரு பிழை கண்டு திருத்த வேண்டுமாயின், அனைத்தையும் நிறுத்தித் திருத்துதல் இயலாது. மின்தொடர்வண்டியில் பழுது காணின் ஆவடிப் பணிமனைக்குக் கொண்டுசென்று நிறுத்தி வைத்தே பழுது பார்ப்பர். ஓடும்பொழுதே சக்கரம் மாற்றுவாரில்லை. எர்லாங்கை அமைத்தோர் செய்யக் கருதியது ஏறத்தாழ இதுதான்.

1998-இல் எரிக்சன் வெளிக்கொணர்ந்த ஏ.எக்ஸ்.டி. 301 என்னும் இணைப்புப் பொறியில் பத்து இலட்சம் வரிகளுக்கு மேற்பட்ட எர்லாங் நிரல் இருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில், புதிய பணிகளுக்கு இம்மொழியைப் பயன்படுத்தலாகாது என அந்நிறுவனத்தின் ஒரு பிரிவு தடை விதித்தது விந்தை. டிசம்பரில் மொழி யாவர்க்கும் பொதுவாகத் திறந்துவிடப்பட்டது. தடையே பரவலுக்கு வழியாயிற்று எனலாம். இன்று அம்பத்தூரில் ஒரு மாணவி ஆவடியிலுள்ள தோழிக்கு வாட்ஸ்அப் வழியாக அனுப்பும் செய்தி, எர்லாங்கில் எழுதப்பெற்ற வழங்கிகளின் வழியே செல்கிறது. 2014-இல் ஃபேஸ்புக் அந்நிறுவனத்தை வாங்கியபொழுது அதனைத் திங்கள்தோறும் பயன்படுத்தினோர் 45 கோடிப் பேர். பணியாளரோ ஐம்பத்தைவர் அளவினரே. இத்துணைச் சிறு குழு அத்துணைப் பெரும் பணியைத் தாங்கியதற்குரிய காரணங்களுள், ஓடும் நிரலை நிறுத்தாது மாற்றும் வசதியும் ஒன்று.

ஒரு கூறு, இரு பதிப்பு

எர்லாங் நிரல் பல கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கூறும் தனியே பெயர்க்கப்பட்டு, தனியே ஏற்றப்படும். ஏற்றுதலில் இருமுறை உண்டு. ஒரு கூறின் பெயர் முதன்முதல் அழைக்கப்படும் பொழுதே அதனைத் தேடி ஏற்றுவது ஒரு முறை; நிரல் தொடங்கும்பொழுதே எல்லாக் கூறுகளையும் ஏற்றிவிடுவது மற்றொரு முறை. எழுதிப் பழகுவோர்க்கு முன்னையது ஏற்றது. இணைப்பகம் போன்றவற்றிற்குப் பின்னையதே பொருந்தும். ஏனெனில், ஒரு கூறு காணப்படவில்லை என்பது நள்ளிரவில் தெரியவருவதினும் தொடக்கத்திலேயே தெரியவருதல் நன்று.

இனி, இயங்கும் கூறு ஒன்றன் திருத்திய வடிவம் ஏற்றப்படுமாயின் நிகழ்வது யாது? பழைய வடிவம் உடனே அழிவதில்லை. ஒரு கூறின் இரு பதிப்புகளை எர்லாங் ஒரே பொழுதில் வைத்துக்கொள்ளும். ஒன்று நடப்புப் பதிப்பு, மற்றது பழம்பதிப்பு. உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை வெளியிட்டுப் பின்னர்த் திருத்திய பதிப்புகளையும் வெளியிட்டார். திருத்திய பதிப்பு வந்த நாளில், முதற்பதிப்பைப் பாதிவரை படித்திருந்தவர் கையிலிருந்த நூல் மறைந்துவிடவில்லை. அவர் தொடர்ந்து பழையதையே படிக்கலாம். அல்லது ஒரு பாட்டு முடிந்த இடத்தில் நிறுத்திப் புதியதை எடுத்துக்கொள்ளலாம். எர்லாங்கில் இயங்கும் ஒவ்வொரு செயல்முறையும் இப்படிப்பட்ட ஒரு படிப்பாளியே. இலட்சக்கணக்கான செயல்முறைகள் ஒன்றன் நினைவை ஒன்று தீண்டாது தனித்தனியே இயங்குவன.

எந்தச் செயல்முறை எப்பொழுது புதிய பதிப்பிற்கு மாறும் என்பதை ஏற்றுவோன் முடிவு செய்வதில்லை; நிரலை எழுதியவன் அழைக்கும் முறையே முடிவு செய்கிறது. இது கூர்ந்து நோக்கற்பாலது. சார்புவழி மொழியில், ஓயாது நடைபெற வேண்டிய பணி, ஒரு சார்பு தன்னைத் தானே மீண்டும் அழைப்பதாக அமையும். அவ்வாறு அழைக்கும்பொழுது சார்பின் பெயரை மட்டும் கூறின், அழைப்பு அதே பதிப்பிற்குள்ளேயே நிற்கும். கூறின் பெயரையும் முன்னே சேர்த்து முழுப்பெயராற் கூறின், அழைப்பு அப்பொழுது நடப்பிலுள்ள பதிப்பைச் சென்றடையும். வீட்டிலிருப்போர் 'அண்ணன்' என்று மட்டும் அழைத்தால் அவ்வீட்டு அண்ணனே திரும்பிப் பார்ப்பான். ஊர்ப்பெயரும் குடிப்பெயரும் சேர்த்துக் கூறின், அப்பெயருக்கு அன்று உரியவன் யாரோ அவனே வருவான். ஒரு சொல்லின் சேர்க்கையால் பழைய உலகில் நிற்பதும் புதிய உலகிற்குப் பெயர்வதும் வேறுபடுகின்றன. இத்துணைச் சிக்கனமான அமைப்பை வேறு மொழிகளில் யாம் கண்டிலேம்.

மூன்றாம் பதிப்பு வருமாயின், பழம்பதிப்பு நீக்கப்பட்டாதல் வேண்டும். நீக்குதலில் கடியதும் மெல்லியதும் என இரு வகை. கடிய முறையில், பழம்பதிப்பிலேயே தங்கிவிட்ட செயல்முறைகள் இரக்கமின்றி முடிக்கப்படும். மெல்லிய முறையில், அத்தகையன ஒன்றேனும் இருப்பின் நீக்கம் நடவாது. உரையாடல்களைத் தாங்கும் செயல்முறைகள் பழம்பதிப்பில் இருக்குமாயின் கடிய முறை அவ்வுரையாடல்களை அறுத்துவிடும் என்பது சொல்லாமலே விளங்கும். பெயரற்ற சார்புகள் எனப்படுவனவும் இடர் தருவன. ஒரு கூறினுள் பிறந்த பெயரற்ற சார்பு, தான் பிறந்த பதிப்பையே பற்றிக்கொண்டிருக்கும். அதனைப் பட்டியலொன்றில் சேமித்து வைத்துப் பலநாள் கழித்து அழைத்தால், அதன் தாய்ப்பதிப்பு அதற்குள் நீக்கப்பட்டிருக்கக்கூடும்.

நிரல் மாறினும், நிரல் அதுவரை திரட்டிய செய்தி மாறாது நிற்றல் வேண்டும். எடுத்துக்காட்டாக, நூலொன்றின் எழுத்துகளை எண்ணிவரும் செயல்முறை, பழைய பதிப்பில் மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்திருந்தது என்க. புதிய பதிப்போ உயிர், மெய், உயிர்மெய் எனத் தனித்தனி எண்ணிக்கை வைக்க விரும்புகிறது. மாறும் தறுவாயில் பழைய வடிவச் செய்தியைப் புதிய வடிவமாக்கித் தரவேண்டும். இதற்கென எர்லாங்கின் நூலகம் ஒரு தனிச் சார்பை வகுத்துள்ளது. பழைய நிலையை ஏற்றுப் புதிய நிலையைத் தருவது அதன் தொழில். மதிப்புகள் மாறாத மொழியாதலின், செயல்முறையின் நிலை முழுவதும் ஒரே மதிப்பாகக் கையில் இருக்கிறது. பல இடங்களிற் சிதறிக் கிடப்பதில்லை. ஆகவே கைமாற்றும் இடமும் ஒன்றே. மாறும் மாறிகள் நிறைந்த மொழிகளில் இவ்விடத்தைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. எனினும் மொத்த எண்ணிக்கையிலிருந்து உயிர் எத்தனை, மெய் எத்தனை என்று பின்னோக்கி அறிய எந்த மாற்றுச் சார்பாலும் இயலாது. பழம்பதிப்பு காணாது விட்டதைப் புதுப்பதிப்பு படைத்துக்கொள்ள முடியாது.

பெயர்ப்புக்காலத்தில் நிகழ்வன

இதுவரை கூறியது ஏற்றக்காலத்தையும் இயக்கக்காலத்தையும் பற்றியது. பெயர்ப்புக்காலத்திலும் நிரல் தொழில் செய்யும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-இல் அமைந்தது. அங்குள்ள பட்டறைகளில், தகட்டை அழுத்தி உறுப்புகள் செய்வோர் முதலில் 'டை' என்னும் அச்சைச் செய்துகொள்வர். அச்சைச் செய்யும் உழைப்பு வேறு. அச்சினால் ஆயிரம் உறுப்புகளை அடித்தெடுக்கும் உழைப்பு வேறு. அச்சில் நேர்ந்த மயிரிழைப் பிழை அடித்தெடுத்த ஒவ்வோர் உறுப்பிலும் இருக்கும். பின்னர் அச்சைத் திருத்தினும், முன்னர் அடித்த உறுப்புகள் திருந்தா. பெயர்ப்புக்கால நிகழ்வு அச்சுச் செய்தலை ஒத்தது.

இவற்றுள் முதலாவது மேக்ரோ எனப்படுவது. நீண்ட நிரல்துண்டு ஒன்றிற்குக் குறும்பெயர் இட்டு, அக்குறும்பெயர் வருமிடமெல்லாம் நீண்ட வடிவத்தைப் பெயர்ப்பிற்கு முன்னரே விரித்து வைத்தல் இதன் இயல்பு. இதனைத் தொகைநிலைத் தொடரோடு ஒப்பிடலாம். உருபு மறைந்து நிற்பது தொகை. மறைந்ததை வெளிப்படுத்தல் விரி. மேக்ரோ தொகை, பெயர்ப்பி காண்பது அதன் விரி. ஒப்புமை இம்மட்டே. தமிழ்த்தொகை ஒன்று பல்வேறு பொருளில் விரிதற்கு இடமுண்டு. 'மரப்பெட்டி' என்பது மரத்தால் ஆகிய பெட்டியும் ஆம், மரம் இட்டுவைக்கும் பெட்டியும் ஆம். ஏழு பொருள் வரை மயங்குதல் உண்டென நன்னூலார் கூறுவர். மேக்ரோ அவ்வாறு மயங்குமாயின் நிரல் பயனற்றதாகும்; ஓரிடத்தில் ஒரு விரியே அதற்கு உண்டு.

மேக்ரோவின் வரலாறு எர்லாங்கினும் முந்தியது. ஜான் மெக்கார்த்தி 1958-இல் தொடங்கிய லிஸ்ப் மொழிக்கு 1963-இல் திமோதி ஹார்ட் இதனை முன்மொழிந்தார். லிஸ்ப்பில் நிரலும் பட்டியல். நிரல் கையாளும் செய்தியும் பட்டியல். ஆதலின் நிரலை ஆக்கும் நிரலை எழுதுதல் அங்கு இயல்பாக அமைந்தது. எர்லாங்கின் மேக்ரோ அத்துணை ஆற்றலுடையதன்று. சொற்களின் மட்டத்தில் மாற்றி வைப்பதோடு அமையும். இதனினும் வலியது தொடர்மாற்றம் எனப்படும் வசதி. இலக்கணப் பகுப்பு முடிந்த நிரலின் மரவடிவைப் பெற்று, வேண்டியவாறு மாற்றிப் பெயர்ப்பியிடம் திருப்பித் தருவது அது. எர்லாங்கின் ஆவணங்களே இதனைக் கையாள வேண்டா என்று எழுதுவோரை எச்சரிக்கின்றன. எச்சரிக்கை தக்கதே என்பது எம் கருத்து. கண்ணெதிரே ஒன்று எழுதப்பட்டிருக்க, பொறி வேறொன்றைப் பெறுமாயின், மூலபாடம் என்ற சொல்லுக்கே பொருளில்லாது போகும்.

மேக்ரோவினும் மிகுதியாக வழங்கும் பெயர்ப்புக்கால வசதி 'பதிவு' என்பது. ஆசிரியர், நூல், ஆண்டு என்றாற்போலச் சில புலங்களை ஒருங்கு கட்டிப் பெயரிடுவது பதிவு. எர்லாங்கில் பதிவு என ஒன்று இயக்கக்காலத்தில் இல்லை. பெயர்ப்பி அதனை வரிசைமுறை கொண்ட ஒரு கட்டாக மாற்றிவிடும். முதலிடத்தில் பதிவின் பெயர், அடுத்தடுத்த இடங்களில் புலங்கள். 'ஆண்டு' என்ற புலப்பெயர் பெயர்ப்பிற்குப் பின்னர் 'நான்காம் இடம்' என்னும் எண்ணாகிவிடுகிறது. பதிவின் வரையறை ஒரு தனிக் கோப்பில் இருக்கும்; அதனை வேண்டும் கூறுகள் யாவும் பெயர்ப்பின்பொழுது உள்வாங்கிக்கொள்ளும்.

இங்குதான் பெயர்ப்புக்காலமும் ஏற்றக்காலமும் மோதுகின்றன. பதிவில் 'பதிப்பாளர்' என்று ஒரு புலத்தைப் புதிதாகச் சேர்த்தோம் என்க. வரையறைக் கோப்பைத் திருத்தி, அதனைப் பயன்படுத்தும் பத்துக் கூறுகளுள் ஒன்றை மட்டும் மீண்டும் பெயர்த்து ஏற்றினால், அவ்வொன்று ஐந்து இடமுள்ள கட்டை அனுப்பும். மற்றை ஒன்பதும் நான்கிடக் கட்டையே எதிர்நோக்கி நிற்கும். மூலத்தைப் படிப்பவர்க்குப் பிழை எதுவும் தோன்றாது. பத்துக் கூறுகளும் ஒரே வரையறையையே சுட்டுகின்றன. ஆயினும் இயங்கும் பொறியில் இரு வரையறைகள் உலவுகின்றன. மேக்ரோவாக எழுதிய எண்களுக்கும் இதே நிலை. திருத்திய எண் திருத்திப் பெயர்த்த கூறில் மட்டுமே இருக்கும். எது பெயர்ப்புக்காலத்தில் நகலெடுக்கப்பட்டதோ அதனை ஏற்றக்காலத்தில் ஓரிடத்தில் மாற்றி எங்கும் மாற்றிவிட முடியாது. இப்பிணிக்கு மருந்து, உள்வாங்கிய அனைத்தையும் ஒருங்கே பெயர்த்து ஏற்றுதல். அல்லது மாறக்கூடிய செய்தியை மேக்ரோவாக அன்றி, முழுப்பெயரால் அழைக்கப்படும் சார்பாக வைத்தல். பின்னையது சற்றே மெதுவாக இயங்கும். நிரலோர் பலர் அச்சிறு விரைவிற்காக நெடிய இடரை வாங்கிக்கொள்கின்றனர்.

எழுத்தட்டவணையும் தமிழும்

தமிழுக்கு நேரே தொடர்புடைய பகுதி இது. பொறிக்கு எழுத்தென்பது எண். யூனிகோடு முறை ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண்ணை ஒதுக்கியுள்ளது. 'தமிழ்' என்னும் சொல்லில் தமிழர் காண்பது மூன்று எழுத்து. யூனிகோடு காண்பது ஐந்து குறி: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. அதனைச் சேமிக்கும் வழக்கமான வடிவில் ஆகும் இடமோ பதினைந்து பைட்டு. 'எத்தனை எழுத்து' என்று வினவின், எந்த மட்டத்தில் வினவுகிறோம் என்பதைப் பொறுத்து மூன்றும் விடையாகும், ஐந்தும் விடையாகும், பதினைந்தும் விடையாகும். யாப்பாராயும் மாணவர் இதனை அறியாது எண்ணின் எழுத்தெண்ணிப் பாடிய கட்டளைக் கலித்துறையும் தளைதட்டியதாகத் தோன்றும்.

மூன்று என்னும் விடையைத் தர, எந்தக் குறி தனித்து நிற்கும், எது முன்னெழுத்தோடு ஒட்டும் என்ற அட்டவணை வேண்டும். எர்லாங்கின் நூலகத்தில் இதற்குரிய கூறு மனிதர் கையால் எழுதப்பெற்றதன்று. யூனிகோடு அமைப்பு வெளியிடும் அட்டவணைக் கோப்புகளைப் படித்து, அவற்றிலிருந்து ஆயிரக்கணக்கான வரிகளைக் கொண்ட எர்லாங் மூலத்தை எழுதித் தரும் சிறு நிரல் ஒன்று உண்டு. மொழியைக் கட்டமைக்கும்பொழுது அந்நிரல் ஓடும். அது எழுதியது பின்னர்ப் பெயர்க்கப்படும். எர்லாங்கின் இயக்கப்பொறி மீதே அமைந்த எலிக்சிர் என்னும் இளைய மொழியும், எழுத்துகள் பற்றிய சார்புகள் சிலவற்றை இவ்வாறே அட்டவணைக் கோப்பிலிருந்து பெயர்ப்புக்காலத்தில் ஆக்கிக்கொள்கிறது. இயங்கும்பொழுது கோப்பைத் தேடுதல் இல்லை. அட்டவணை சார்புகளாகவே உருமாறி நிற்கிறது. விரைவு மிகுதி. பெயர்ப்புக்கால வசதியின் மிகச் சிறந்த பயன் இது என்போம்.

'கொ' என்னும் எழுத்தைக் காண்க. ககரத்தின்பின் ஒகரக் குறி ஒன்றாக வருதலும் உண்டு. எகரக் குறியும் காலும் தனித்தனியே வருதலும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எண்களை ஒப்பிடும் பொறிக்கு இவை வேறு வேறு சொற்கள். சொல்லடைவு ஒன்றில் 'கொடை' இரு தலைப்பாக வந்து, ஒவ்வொன்றின் கீழும் பாதி இடங்கள் குறிக்கப்பட்டிருப்பின், காரணம் பெரும்பாலும் இதுவே. இரண்டையும் ஒருவடிவப்படுத்தும் அட்டவணையும் மேற்கூறிய கூறிலேயே உள்ளது. ஒப்பிடுமுன் அதனை அழைத்தல் நிரல் எழுதுவோர் கடமை.

அட்டவணை பெயர்ப்புக்காலத்தில் பதிவதால் ஒரு விளைவு உண்டு. 2019 மார்ச்சில் வெளிவந்த யூனிகோடு 12-ஆம் பதிப்பு, தமிழின் பழைய பின்னக் குறிகளும் அளவைக் குறிகளும் பிறவுமாக 51 குறிகளைப் புதிய தொகுதியாகச் சேர்த்தது. முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி அத்தொகுதியின் முதற்குறி. எண்பதில் ஒன்றாகிய காணி, இருபதில் ஒன்றாகிய மா முதலியனவும் அங்கு இடம்பெற்றன. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலவளவு கூறுமிடங்களைப் பயில்வோர் இவற்றின் இன்றியமையாமையை நன்கறிவர். அம்பத்தூரை அடுத்த திருமுல்லைவாயில் கோயிலிலேயே சோழர் கல்வெட்டுகள் உள்ளன. கல்வெட்டுப் பாடங்களை இக்குறிகளோடு உள்ளிட்டு, 2019-க்கு முன் பெயர்க்கப்பெற்ற கூறால் ஆராய்ந்தால், அக்கூறுக்கு இவை எழுத்தும் அல்ல, எண்ணும் அல்ல; இன்னும் ஒதுக்கப்படாத வெற்றிடங்களே. பெயர்த்த நாளோடு அதன் அறிவு நின்றுவிட்டது. புதிய அட்டவணையோடு மீண்டும் பெயர்த்து, மீண்டும் ஏற்றினாலன்றி அது கற்றுக்கொள்ளாது. ஆகவே ஆய்வேட்டில் கருவியின் பெயரை மட்டும் குறித்தல் போதாது. அது எந்த யூனிகோடு பதிப்பைக் கொண்டு பெயர்க்கப்பட்டது என்பதையும் குறித்தல் வேண்டும்.

தமிழ்ப் பெயர்களும் தமிழ்த் தொடர்முறையும்

எர்லாங்கில் மாறியின் பெயர் ஆங்கிலப் பேரெழுத்திலோ அடிக்கோட்டிலோ தொடங்குதல் வேண்டும். மாறாப்பெயர் சிற்றெழுத்தில் தொடங்குதல் வேண்டும். மொழியின் இலக்கணமே பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற வேறுபாட்டின்மேல் நிற்கிறது. தமிழில் அவ்வேறுபாடு இல்லை. மாறாப்பெயரையும் சார்பின் பெயரையும் மேற்கோட்குறிக்குள் தமிழில் எழுதலாம். 2017 முதல் அதற்கு வழியுண்டு. மாறியைத் தமிழிற் பெயரிட இன்றும் வழியில்லை. இது யாரும் வேண்டுமென்று செய்த தடையன்று. இலத்தீன் எழுத்தின் இயல்பு ஒன்று மொழியின் அடித்தளத்தில் முன்னரே பதிந்துவிட்டதன் விளைவு. எலிக்சிரோ அதே 2017-இல் மாறிகளுக்கும் தமிழ் முதலிய எழுத்துகளை ஏற்றுக்கொண்டது. கூறுகளின் பெயரை மட்டும் அங்கும் வழக்கமான முறையில் ஆங்கிலப் பேரெழுத்தால் தொடங்கவேண்டியுள்ளது.

தமிழில் நிரல் எழுதுதல் என்றால் ஆங்கிலக் கட்டளைச் சொற்களுக்கு ஈடான தமிழ்ச்சொற்களை இட்டு நிரப்புதல் என்றே பலரும் கருதுவர். சொல் மாறினும் தொடர்முறை ஆங்கிலமாகவே இருக்குமாயின் பயன் சிறிது. முத்து அண்ணாமலை உருவாக்கி 2009-இல் கட்டுரை வாயிலாக அறிமுகப்படுத்திய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழி இதனை உணர்ந்திருக்கிறது. அதில் நிபந்தனை முன்னே வரும்; 'ஆனால்' என்ற சொல் பின்னே வரும். 'மழை பெய்தது ஆனால்' என்று வினையெச்சம் பின்னிற்கும் தமிழ் இயல்புக்கு அது இசைந்தது. இதற்கென எழில் தனி மொழியாகவே அமைக்கப்பட்டது.

எலிக்சிரில் இதற்குத் தனிமொழி வேண்டுவதில்லை. அம்மொழியில் நிபந்தனைச் சொல்லும், சார்பை வரையறுக்கும் சொல்லும், கூறை வரையறுக்கும் சொல்லும் மேக்ரோக்களே. மொழியின் இலக்கணமாகத் தோன்றுவன பலவும் மொழியினாலேயே எழுதப்பட்டவை. ஆகவே 'ஆனால்' என்ற பெயரில் புதிய மேக்ரோ ஒன்றை ஒருவர் வரையறுத்துக்கொள்ளலாம். இடப்பக்கத்து மதிப்பை வலப்பக்கத்து அழைப்பிற்கு முதலுறுப்பாகத் தரும் குழாய்க்குறி ஒன்று அங்கு உண்டு, அதுவும் மேக்ரோவே. நிபந்தனையை எழுதி, குழாய்க்குறி இட்டு, பின்னர் 'ஆனால்' என்று எழுதினால், பெயர்ப்புக்காலத்தில் இரு மேக்ரோக்களும் விரிந்து, எலிக்சிரின் சொந்த நிபந்தனைத் தொடராகிவிடும். மேக்ரோவின் வரையறை மூன்று நான்கு வரிகளுள் அடங்கும். இயக்கக்காலத்தில் அதற்காக ஒரு நொடியும் கூடுதலாகச் செலவாவதில்லை; அதற்குள் தமிழ்த்தொகை விரிந்து மறைந்திருக்கும்.

குறை ஒன்றும் உண்டு. விரிந்தபின் எழும் பிழைச்செய்தி விரியின் சொற்களிலேயே வரும். 'ஆனால்' என்று எழுதிய மாணவருக்கு, தாம் எழுதாத ஆங்கிலத் தொடர் ஒன்றில் பிழை நேர்ந்ததாகப் பெயர்ப்பி அறிவிக்கக்கூடும். பிழைச்செய்தியையும் தமிழில் தருதல் மேக்ரோ எழுதுவோரால் ஓரளவு இயலும். விரிக்குமுன் உறுப்புகளைச் சோதித்து, தவறிருப்பின் பெயர்ப்பை நிறுத்தித் தமிழில் அறிவிக்கலாம். அறிவிப்பின் வாசகத்தை எழுதுதற்குத் தமிழ்த்துறையாரின் உழைப்பும் வேண்டும்.